மே மாதத்திலும் வெடித்திருந்த உதடு

செவ்வாய்க்கிழமை மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பையிலிருந்து விரல் நீளக் குழல் ஒன்றை எடுத்து, கைப்பேசியில் முகத்தைப் பார்த்தபடி உதட்டில் தேய்த்துக்கொண்டாள். ஸ்ட்ராபெரி வாசனை கம்மென்று வந்தது. பூசி முடித்த கையோடு நாக்கை நீட்டி, உதட்டைச் சுற்றி ஒருமுறை நக்கியும் விட்டாள். அவ்வளவுதான், உம்முடைய குரல் என் காதுக்குள் கேட்டுவிட்டது. "நாக்க உள்ள போடும் வே!" எங்கே சத்தமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அறுபத்தைந்து வயது ஆசாமி முன்பின் தெரியாத பெண்ணிடம் அப்படிச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருப்பார்கள்.

நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நாம் இருவரும் சேர்ந்தே கேலி செய்திருக்கிறோம். "பின்கோடு என்ன வே போடுவான்?" என்று நீர் கேட்டீர். இப்போது நானே உட்கார்ந்து எழுதுகிறேன். நன்றாகச் சிரித்துக்கொள்ளும்.

டெல்லிக்கு மாற்றலாகி வந்த முதல் டிசம்பரில்தான் உம்மைப் பார்த்தேன். காலையில் லக்ஷ்மிபாய் நகர் நிறுத்தத்தில் அந்த சார்ட்டர்ட் பஸ் வந்து நிற்கும். அலுவலகக்காரர்களுக்கென்றே ஓடிய பஸ். ஆளுக்கொரு இடம் உண்டு. ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அன்று முழுக்க அதுவே பேச்சாக இருக்கும். நீர் அதற்கு முன்பே மோதி பாகில் ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவீர். உமக்கு வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் கண்டக்டர் என்னை உட்காரவைத்தார். என் கையில் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது. நீர் அதைப் பார்த்தீர், என் முகத்தைப் பார்த்தீர். ஊர் எது, எந்த அலுவலகம் என்று எதுவும் கேட்கவில்லை.

"நாக்க உள்ள போடும் வே. நக்க நக்க இன்னும் வெடிக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரியலூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவன் நான். உதடு வெடிக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. தோல் உரிந்து, ஓரத்தில் ரத்தம் கசிந்து, கொட்டாவி விடக்கூட யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஈரமாக்கினால் சரியாகிவிடும் என்று நிமிஷத்துக்கு ஒருமுறை நக்கிக்கொண்டிருந்தேன். எச்சில் காயும்போது உதட்டில் மிச்சமிருக்கிற ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்று அன்று நீர்தான் சொன்னீர். சொல்லிவிட்டு கோட்டுக்குள், ஸ்வெட்டருக்குள், சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய் புட்டியை எடுத்தீர். குளிரில் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடுகிற எண்ணெயை, மோதி பாகிலிருந்து நெஞ்சுச் சூட்டில் உருக்கிக்கொண்டே வருவீராம். "தடவும். கோழி அட காக்குத மாதிரி காத்துக் கொண்டாந்திருக்கேன்" என்றீர். முன்பின் தெரியாத ஒருவரின் நெஞ்சுச் சூட்டில் உருகிய எண்ணெயை உதட்டில் தடவிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அப்படித்தான் நம் சிநேகம் ஆரம்பித்தது.

உமக்கு இந்த விஷயத்தில் இருந்த அக்கறையைப் பார்த்து நீர் ஏதோ சுகாதாரத் துறை என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நீரோ ரயில் சம்பந்தப்பட்ட கோப்புகளைப் புரட்டுகிற ஆள். உம்முடைய முதல் டெல்லிக் குளிரில் உதடு வெடித்து, பேசவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் நீர் பட்ட பாடுதான் உமக்குப் பாடம். தண்ணீர் குடிக்கிறீரா என்று தினமும் கேட்பீர். நான் குடிப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில். அந்தக் குளிரில் யார் நடப்பது? "அதுக்காவ ஒதட்டக் கிழிச்சுக்கிடுவீரா?" என்று திட்டினீர். மப்ளரை வாயோடு சேர்த்துச் சுற்றினால் மூச்சு பட்டு நனைந்து, காய்ந்து, நனைந்து, உதடு புண்ணாகும் என்றீர். மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடாதீர், அதற்கு ஆவி பிடியும் என்றீர். ராத்திரி ஹீட்டர் போட்டால் அதற்கு எதிரே ஒரு சட்டியில் தண்ணீர் வையும் என்றீர். என் மனைவி அந்தச் சட்டியில் கால் இடறி விழப்போய், "யார் சொன்னது இந்த வைத்தியம்?" என்று கத்தினாள். உம் பெயரைச் சொல்லிவிட்டேன். மன்னியும்.

எல்லாவற்றிலும் கஷ்டம் தோலை உரிக்காமல் இருப்பது. ஃபைலைப் படிக்கும்போது என்னையறியாமல் பல் அந்தத் தொங்கும் தோலைத் தேடிப் போகும். இழுத்தால் ரத்தம். மறுநாள் காலை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவீர். "நேத்து உரிச்சீரு." இல்லை என்பேன். "உரிச்சீரு வே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர். குளிர்காலம் முடியும்வரை இட்லிக்கு மிளகாய்ப்பொடி கூடாது என்பது உம்முடைய சட்டம். அதற்கு மட்டும் நான் கடைசிவரை கட்டுப்படவில்லை.

சர்மாஜியை நினைவிருக்கிறதல்லவா? நமக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, தலையில் கடுகெண்ணெய் மணக்க மணக்க வருவாரே, அவர்தான். நம் உதட்டுப் பேச்சை ஜாடையிலேயே புரிந்துகொண்டு ஒருநாள் திரும்பினார். "நாபி மே சர்ஸோ கா தேல் டாலோ, ஸாப்" என்றார். ராத்திரி படுக்கும்போது தொப்புளில் இரண்டு சொட்டுக் கடுகெண்ணெய் விட்டால் உதடு வெடிக்காதாம். அவர்கள் வீட்டில் குழந்தை முதல் கிழவர் வரை அதுதான் வழக்கமாம். நீர் தமிழில் என்னிடம், "தொப்புளுக்கும் ஒதட்டுக்கும் என்ன வே சம்பந்தம்? ரெண்டுக்கும் நடுவுல பைப்பா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, சர்மாஜியிடம் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினீர்.

அன்று ராத்திரியே நான் விட்டுப்பார்த்தேன். பலன் என்னவென்றால் பனியனில் மஞ்சள் கறையும், வீட்டில் இரண்டு நாள் சண்டையும்தான். உம்மிடம் சொல்ல வெட்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோதி பாகில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மதினி மாடிக் கொடியில் துணி காயப்போட்டிருந்தார்கள். வரிசையாக உம்முடைய பனியன்கள். ஒவ்வொன்றிலும் நட்ட நடுவில் மஞ்சள் வட்டம். நான் அதையே பார்ப்பதை நீர் பார்த்தீர். "பருப்பு கொட்டிட்டு வே" என்றீர். ஏழு பனியனிலும் ஒரே இடத்தில் பருப்பு கொட்டுமா என்று நான் கேட்க, மதினி சமையலறைக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. கடைசியில் நமக்குக் கைகொடுத்தது சாதாரண நெய்தான். படுக்கப்போகும் முன் கனமாகத் தடவிக்கொண்டு, காலையில் துடைக்காமல் விட்டால் போதும். மதினி காய்ச்சிய நெய்யை ஒரு சின்ன டப்பியில் போட்டு ஒவ்வொரு நவம்பரிலும் எனக்குக் கொடுத்துவிடுவீர்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் ஓடியது. டெல்லியில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீரும் நானும் அதில் சேர்த்தி. எது நடந்தாலும் டெல்லியின் தலையில் போட்டுவிடுவோம். முடி கொட்டினால் டெல்லித் தண்ணி. முழங்கால் வலித்தால் டெல்லிக் குளிர். பையன் தமிழ் படிக்கவில்லையென்றால் டெல்லி ஸ்கூல். ஊரில் இருந்திருந்தால் சாகவே மாட்டோம் என்பதுபோலப் பேசுவோம். அந்தப் பழக்கம் என்னைக் கொன்றிருக்கும்.

அந்த வருஷம் என் கீழுதட்டில் இடப்பக்கம் ஒரு வெடிப்பு வந்தது. நான் சிகரெட் வைக்கிற இடம். ஆறியது மாதிரி இருக்கும், பொருக்குத் தட்டும், பொருக்கு விழுந்தால் மறுபடி அதே இடத்தில் அதே வெடிப்பு. நெய் தடவினேன், தண்ணீர் குடித்தேன். ஹோலி வந்து போனது. ஸ்வெட்டர்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். லூ என்று சொல்கிற அனல்காற்று அடிக்க ஆரம்பித்தது. ஜன்னலோரம் நீர், உமக்கு இந்தப் பக்கம் நான். காலை வெளிச்சம் முழுக்க என் இடக்கன்னத்தில்தான் விழும். என் முகத்தின் அந்தப் பாதியை என் மனைவியைவிட நீர்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறீர். மே மாதம் ஒருநாள், பஸ் புறப்பட்டதும் கேட்டீர்.

"குளிரு போயி மூணு மாசம் ஆச்சு. உம்ம ஒதடு மட்டும் ஜனவரியிலயே நிக்கி. என்னது வே அது?"

"டெல்லிக் காத்து ஓய். குளிர்ல அது வெடிக்கும், வெயில்ல இது வெடிக்கும்."

"என் ஒதடும் அதே காத்துலதான இருக்கு?"

நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தினமும் கேட்டீர். டாக்டரிடம் காட்டச் சொன்னீர். சும்மா ஒரு வெடிப்புக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதா என்றேன். ஒருநாள் எரிச்சலில், "உமக்கு வேற வேலை இல்லையா? என் ஒதட்டையே பாத்துக்கிட்டிருக்கிறீர்" என்று சத்தம் போட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பயம், அதுதான் உண்மை. விரலால் தொட்டால் அந்த இடத்துக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. அதை உம்மிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் சர்மாஜி இருந்தார். நீர் கடைசி வரிசையில், உமக்குக் கொஞ்சமும் பிடிக்காத சீட்டாட்டக் கோஷ்டிக்கு நடுவில் இடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர். நான் பின்னால் வந்து என்ன என்று கேட்டேன். "ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாரும். வந்து சொல்லும். அன்னைக்கு முன்னால வந்து உக்காருதேன்" என்றீர். அத்தனை வருஷம் கூட உட்கார்ந்தவர் இடம் மாறினால் அந்த பஸ்ஸில் அது சின்ன விஷயமா? புருஷன் பெண்டாட்டி பிரிந்ததுபோல ஆளாளுக்கு வந்து விசாரித்தார்கள். கண்டக்டர் சமாதானம் செய்யப் பார்த்தார். சர்மாஜி என்னிடம் தொப்புள் வைத்தியத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒன்பது நாள். நீர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உமக்கு அவ்வளவு வீம்பு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாம் நாள் நான் பஸ்ஸில் ஏறவில்லை. நிறுத்தத்திலேயே நின்றேன். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போய் நின்றது. நீர் இறங்கி, சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தீர். "வாரும்" என்றீர். ஒரு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினீர்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெண் டாக்டருக்கு அப்போது வயது முப்பதுகூட இருக்காது. கையுறை போட்டு உதட்டைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று இந்தியில் கேட்டார். நான் "கொஞ்ச நாளாக" என்று இழுத்தேன். நீர் குறுக்கே, "ஜனவரி ஸே" என்றீர், ஜனவரியிலிருந்து என்று. குளிர்கால வெடிப்பு என்றால் கவனித்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிட வேண்டும், ஒரே இடத்தில் ஆறாமல் நிற்பதை இப்படி விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். சிகரெட்டும் வெயிலும் கீழுதட்டைத்தான் முதலில் பிடிக்கும் என்றார். சின்னத் துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நீர் பழையபடி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தீர். பஸ் குலுங்கும்போதெல்லாம் உம் தோள் என் தோளில் இடிக்கும். அந்த நாட்களில் நான் தைரியமாக இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர். அந்தத் தோள் இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம், பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். கீழுதடு கொஞ்சம் சின்னதாகிவிட்டது, தையல் தழும்பு ஒன்று நின்றுவிட்டது. சில வாரங்களுக்கு எனக்கு வார்த்தைகள் சரியாக வரவில்லை. மதினி செய்த கஞ்சியை பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு, உறிஞ்சும் குழலும் வாங்கிக்கொண்டு நீர் தினமும் வந்தீர். "இனிமே சிகரெட்ட எங்க வே வைப்பீரு? அந்த எடத்த அரசாங்கம் எடுத்துக்கிட்டு" என்று சொன்னீர். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, தையல் இழுத்தது. அன்றோடு சிகரெட் போனது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் என் மனைவியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவள் உம்மைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஹீட்டர் சட்டியை அன்று மன்னித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உதட்டைக் காட்டிவரப் போவோம். முதலில் சில வருஷம் அடிக்கடி, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும். ஓய்வு பெற்று நான் நொய்டாவுக்கும் நீர் மயூர் விஹாருக்கும் போன பிறகும் நீர் கூட வராமல் இருந்ததில்லை. அந்த டாக்டர் உம்மை என் அண்ணன் என்றே நினைத்திருந்தார். நாம் திருத்தவில்லை.

போன ஜனவரியிலும் வந்தீர். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து ஆஸ்பத்திரி வளாகத்தில் வெயில் விழுந்த பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துத் தின்றோம். நான்கு படி இறங்கியதற்கே உமக்கு மூச்சு வாங்கியது. உம் உதட்டைப் பார்த்தேன். வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் நிறம் நீலமாக, கருநீலமாக இருந்தது. கேட்கவும் செய்தேன்.

"என்ன ஓய், ஒதடு நீலமா இருக்கு?"

நீர் என் குரலிலேயே, என்னை மாதிரியே கையை ஆட்டி, "டெல்லிக் காத்து ஓய்" என்றீர்.

நான் சிரித்துவிட்டேன். என் மப்ளரை எடுத்து உம் கழுத்தில் சுற்றிவிட்டேன். நம் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கடலைத் தோலைத் தட்டிவிட்டு இருவரும் எழுந்து வீட்டுக்குப் போனோம். மூன்று வாரம் கழித்து மதினியிடமிருந்து போன் வந்தது. இருதயமாம். கொஞ்ச நாளாகவே திணறிக்கொண்டிருந்திருக்கிறது என்றார்களாம். "நானும் குளிருன்னுதான் அண்ணே நெனச்சேன்" என்று அவர்கள் அழுதார்கள். நானும் கேட்டேன், ஆனால் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். நீர் எனக்காக ஒன்பது நாள் பேசாமல் இருந்தீர். எனக்கு அந்தப் பெஞ்சைவிட்டு எழுந்து உம் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இன்று காலை தனியாகப் போய் வந்தேன். மகன் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். டாக்டருக்கும் இப்போது காதோரம் நரைத்துவிட்டது. விளக்கை அடித்து உதட்டைப் புரட்டிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "பாயி ஸாப் நஹீ ஆயே இஸ் பார்?" என்று கேட்டார். அண்ணன் இந்தத் தடவை வரவில்லையா என்று. இறந்துவிட்டார் என்று சொன்னேன். எதனால் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒவ்வொரு வருஷமும் இங்கேதானே நின்றுகொண்டிருந்தார்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். ஆமாம், இதே அறையில், இதே விளக்குக்குப் பக்கத்தில்தான் நின்றீர். எல்லாருமாக என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மகனிடம் சொன்னேன். இருவருக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்று மத்தியானம் முழுக்க மனது அடித்துக்கொண்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உதடு நன்றாக இருக்கிறதாம், வே. அடுத்த ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.